கேஜில் விழுகிறது, பேரலில் நிற்கிறது: பூச்சுக் குண்டு போட்ட 9 எம்எம் தோட்டா

கொங்கு_குமரன் (டெக்சாஸ்)

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு உள்ளூர் யூஎஸ்பிஎஸ்ஏ கைத்துப்பாக்கிச் சுடும் போட்டியில் எனக்கு நடந்ததைச் சொல்லி, உங்களிடம் வழி கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

மூன்றாவது ஸ்டேஜில் நாலாவது தோட்டா சுட்டதும் ஸ்லைடு (துப்பாக்கியின் முன்பின் நகரும் மேல்பாகம்) முழுதாக மூடவில்லை. ஒரு நூல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. பின்னால் இழுத்தால் வரவில்லை, முன்னால் தள்ளினால் போகவில்லை. துப்பாக்கியின் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பலமாக இழுத்துத் திறந்தேன். வெறும் பித்தளைக் கூடு மட்டும்தான் வெளியே வந்தது. குண்டு பேரலுக்குள்ளேயே (குழலுக்குள்) கடித்துக்கொண்டு நின்றது. மேகசின் மேலெல்லாம் பவுடர் கடுகு போலக் கொட்டிக் கிடந்தது. அன்றைய போட்டி எனக்கு அதோடு முடிந்தது.

துப்பாக்கி சிஇசட் ஷேடோ 2, வாங்கி ஒரு மாதம் ஆகிறது. குண்டு 147 கிரெயின் எடை, சிவப்புப் பூச்சு போட்ட ஈயம், தட்டை மூக்கு, 0.356 அங்குலம். தோட்டாவை வீட்டில் நானே அடித்தேன், அதாவது கூட்டில் பவுடரும் குண்டும் வைத்துத் தயாரித்தேன்; மொத்த நீளம் 1.140 அங்குலம். இதே தோட்டாவை என் பழைய க்ளாக் 17-இல் அறுநூறு போல சுட்டிருக்கிறேன், ஒன்றுகூட மாட்டியதில்லை. போட்டிக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் கேஸ் கேஜ் என்ற அளவுத் துளையில் போட்டும் பார்த்தேன். ஒன்று தவறாமல் இறங்கியது.

ரேஞ்சில் ஒருவர் "கிரிம்பை (கூட்டின் வாயைக் குண்டோடு அழுத்தும் பிடியை) இன்னும் இறுக்கு, சரியாகிவிடும்" என்றார். செய்யலாமா?

மீனாட்சி_பீனிக்ஸ்

குமரன் தம்பி, முதலில் கிரிம்ப் டையிலிருந்து (அதைப் போடும் அச்சிலிருந்து) கையை எடுங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் எதையும் திருகக் கூடாது.

கேஜ் பொய் சொல்லவில்லை. நீங்கள் அதனிடம் கேட்காத கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கேஸ் கேஜ் பார்ப்பது பித்தளைக் கூட்டின் சுற்றளவையும் நீளத்தையும். பெரும்பாலான கேஜ்களில் ரைஃப்லிங் (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள்) கிடையாது, துளை நேராக அந்தப் பக்கம் போய்விடும். குண்டின் மூக்கு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது கண்டுகொள்ளாது. பேரலில் அப்படி இல்லை. கூடு உட்காரும் இடம் (சேம்பர்) முடிந்ததும் ஒரு சின்னத் தொண்டை, அதற்கு அப்பால் ரைஃப்லிங். சிஇசட் குடும்பத்தில் அந்தத் தொண்டை குட்டை என்பது ரீலோடிங் (வீட்டில் தோட்டா அடிப்பது) செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். க்ளாக்கில் சேம்பர் கொஞ்சம் தாராளம். ஒன்றில் ஓடிய நீளம் இன்னொன்றில் ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தோட்டா அளவுகளுக்கு வரம்பு வைக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI) நிர்ணயித்த அதிகபட்ச நீளம் 9 எம்எம்-க்கு 1.169 அங்குலம். உங்கள் 1.140 அதற்கு நன்றாக உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அந்த எண் மூக்கின் நுனிவரைக்கான கணக்கு. நுனிக்குக் கீழே தோள் எவ்வளவு பருமன் என்று அது சொல்லாது. தட்டை மூக்குக் குண்டில் முழுப் பருமன் வெகு தூரம் முன்னால் வரை வரும். அந்தத் தோள்தான் ரைஃப்லிங்கில் போய் முட்டுகிறது. ஒரே எடையில் இரண்டு கம்பெனிக் குண்டு வாங்கினாலே மூக்கு வளைவு மாறும், நீளமும் மாறும். அடுத்தவர் எழுதிய நீளத்தை அப்படியே எடுத்து வைக்காதீர்கள் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பேரலைக் கழற்றுங்கள். சேம்பரை நன்றாகத் துடையுங்கள். பேரலின் வாய் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு தோட்டாவைத் தன் எடையில் விழ விடுங்கள். சரியான தோட்டா "டொக்" என்று தெளிவான சத்தத்தோடு உட்காரும். கூட்டின் அடி, பேரல் பின்பக்க நாக்கோடு சமமாகவோ ஒரு மயிரிழை கீழேயோ நிற்கும். அப்புறம் விரல் நுனியால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். கடைசியாகப் பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு இல்லை.

பூச்சுக் குண்டு ரைஃப்லிங்கில் முட்டினால் சத்தமே வேறு. மெத்தென்று ஒரு "சொத்". நாலு முறை கேட்டால் காது பழகிவிடும்.

பித்தளைப்பித்தன்

நான் ஆறு வருஷமாக ஃபேக்டரி கிரிம்ப் டை போடுகிறேன். உள்ளே கார்பைடு வளையம் இருக்கிறது, தோட்டாவைக் கடைசியில் ஒரு முறை மேலிருந்து கீழாக அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பிறகு எதுவும் மாட்டாது. இவ்வளவு ஆராய்ச்சி தேவையா அக்கா?

மீனாட்சி_பீனிக்ஸ்

தேவைதான் தம்பி. குமரனுக்கு முட்டுவது மூக்கு. அந்த வளையம் மூக்கைத் தொடவே தொடாது. நீங்கள் சொன்னதை அவர் செய்தால் நீளம் அதே 1.140-இல் நிற்கும், தோட்டா அதே இடத்தில் முட்டும்.

லேத்_சண்முகம் (ஒஹாயோ)

இந்த ஃபேக்டரி கிரிம்ப் டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நான் பீளமேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டினவன். அங்கே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் "தவ்" என்போம். இங்கே பையன் வீட்டுக் கராஜில் உட்கார்ந்து தோட்டா அடிக்கும்போதும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

செம்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டு 355 தவ். பூச்சு ஈயக் குண்டு 356. ஒரு தவ்தான் வித்தியாசம், ஆனால் இடம் இல்லாத இடத்தில் ஒரு தவ் என்பது பெரிசு. கூட்டின் வாய்ச் சுவர் கம்பெனிக்குக் கம்பெனி 10 முதல் 12 தவ் வரை இருக்கும். சுவர் 11 என்றால் 356-ஓடு இரண்டு பக்கமும் சேர்த்து 378. சுவர் 12 என்றால் 380. தோட்டாவின் வாய்க்கு சாமி வைத்திருக்கும் உச்ச வரம்பே 380 தவ்தான். இதில் குண்டு 357 ஆக வந்துவிட்டால், தடித்த பித்தளையில் 381. மாட்டத்தான் செய்யும். ரேஞ்சில் பொறுக்கின கலப்புப் பித்தளையில் அடித்தால் பத்தில் ஒன்று மட்டும் மாட்டுவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அந்த வளையம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 381-ஐ 379-க்கு நெரிக்கிறது. பித்தளை கொஞ்சம் ஸ்பிரிங் மாதிரி, நெரித்தால் திரும்ப விரியும். உள்ளே இருக்கும் ஈயம் விரியாது, நெரிந்தது நெரிந்ததுதான். ஆக, வெளியே அளவு சரி, உள்ளே குண்டு சின்னதாகிப் பிடிப்பும் தளர்ந்துவிட்டது. சின்னதான குண்டு பேரலில் இடைவெளி விட்டுப் போகும், சூடான வாயு பக்கவாட்டில் பாய்ந்து ஈயத்தை அறுக்கும், பேரல் முழுக்க ஈயம் அப்பும். பேப்பர் இலக்கில் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் மாதிரி நீளமாக விழுந்தால், குண்டு புரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

பித்தன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு தோட்டாவைச் சுத்தியல் புல்லரில் தட்டிக் குண்டை வெளியே எடுங்கள். காலிப்பரில் அளங்கள். போட்டபோது இருந்த அளவே வந்தால் உங்கள் டை நல்ல டை, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பித்தளைப்பித்தன்

ஐயா, கோபமெல்லாம் இல்லை. இன்று இரவே பார்க்கிறேன்.

ஸ்காபரோ_செல்வன்

சண்முகம் ஐயா சொன்னது எனக்கு நடந்தது. கனடாவில் 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனை, கைமாற்றம் எல்லாம் நிறுத்தினாப் பிறகு, இருக்கிற ஒரு பிஸ்டலைப் பக்குவமாய் வைச்சிருக்க வேணும். புதுசு வாங்க ஏலாது. அதனாலே பேரலில் ஈயம் அப்பினது என்றவுடன் எனக்கு நெஞ்சு பதைச்சது. ஒரு பின்னேரம் முழுக்கச் செப்புத் தும்பு சுற்றித் தேய்ச்சுத்தான் எடுத்தனான்.

குண்டைப் புல்லரில் கழட்டிப் பார்த்தால், கிரிம்ப் விழுந்த இடத்தில் நீலப் பூச்சு வட்டமாய் வெட்டுப்பட்டு உள்ளே ஈயம் வெள்ளையாய் மினுங்குது. பூச்சுத்தான் ஈயத்துக்கும் பேரலுக்கும் நடுவிலை நிக்கிற சட்டை. அதைக் கிரிம்பாலே கிழிச்சுப்போட்டு, பிறகு பேரலைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? இப்ப நான் கிரிம்பை வாய் விரிவை நேராக்குகிற அளவோடு விட்டுடுவன். கழட்டின குண்டில் மெல்லிய அழுத்தத் தடம் தெரியலாம், வெட்டு தெரியக் கூடாது.

கொங்கு_குமரன் (டெக்சாஸ்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

மிச்சம் இருந்ததில் இருபது தோட்டா எடுத்தேன். கறுப்பு ஷார்ப்பி மார்க்கரால் மூக்கு முதல் அடிவரை பூசிக் காயவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிய பேரலில் போட்டு, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். இருபதும் தோல்வி. பதினேழில் மூக்குத் தோளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடாக மை உரிந்து கீழே சிவப்புத் தெரிந்தது. கோடுகள் சம இடைவெளியில் இருந்தன. ரைஃப்லிங்கின் பல்தடம் என்று பார்த்தவுடனே புரிந்தது.

மீதி மூன்று வேறு கதை. இரண்டில் கூட்டின் நடுப்பகுதியில், ஒரு பக்கம் மட்டும் மை வழித்திருந்தது. இன்னொன்றில் கூட்டின் வாயோரம் சிவப்பாக நூல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருளாக வந்தது. பூச்சைத்தான் பித்தளை சீவியிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே மருந்தா?

மீனாட்சி_பீனிக்ஸ்

இல்லை, மூன்றும் வேறு வேறு நோய். மை எங்கே உரிகிறதோ அங்கேதான் வைத்தியம்.

மூக்கில் என்றால் குண்டை இன்னும் ஆழமாக உட்காரவைக்க வேண்டும். பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) பவுடரும் இல்லாத டம்மித் தோட்டா ஒன்று செய்யுங்கள். ஐந்து ஐந்து தவ்வாக இறக்கி, ஒவ்வொரு முறையும் பேரலில் போட்டுச் சுற்றுங்கள். எந்த நீளத்தில் முதல்முதலாகத் தடையில்லாமல் சுற்றுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இன்னும் 15 தவ் குறைத்து வையுங்கள். தோட்டா அடிக்கும் எந்தப் பிரஸ்ஸிலும் நீளம் சில தவ் முன்னே பின்னே வரும், சுடச்சுட தொண்டையில் அழுக்கும் சேரும், அதற்காகத்தான் இந்த இடைவெளி.

இப்போது நான் எழுதுவதை இரண்டு முறை படியுங்கள். நீளத்தைக் குறைத்தால் பழைய பவுடர் அளவு செல்லாது. 9 எம்எம் கூடு சின்னது. குண்டு உள்ளே இறங்க இறங்கப் பவுடருக்கான இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். சாமி வரம்பு 35,000 பிஎஸ்ஐ, இந்தக் கூட்டில் அதை எட்ட வெகுநேரம் ஆகாது. பவுடர் கம்பெனி வெளியிட்ட அட்டவணையில் அந்த எடைக் குண்டுக்குப் போட்டிருக்கும் தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாக ஏறிவாருங்கள். இங்கே யாரிடமும் பவுடர் அளவு கேட்காதீர்கள், கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் மை போன இரண்டும் குண்டு சாய்ந்து உட்கார்ந்ததால் வந்தவை. சிவப்புச் சுருளும் அதற்குப் பக்கத்து வீடுதான். சண்முகம் ஐயா இதில் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

லேத்_சண்முகம் (ஒஹாயோ)

இரண்டுக்கும் ஆரம்பம் கூட்டின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டரில். ஜாக்கெட் குண்டுக்கென்று வரும் எக்ஸ்பாண்டர் மெலிசு, குட்டையும்கூட. 147 கிரெயின் குண்டு நீளம். அதன் அடி போய் நிற்கும் ஆழம் வரை அந்த எக்ஸ்பாண்டர் இறங்குவதில்லை. வாயில் கொஞ்சம் விரிவு, கீழே இறுக்கம். குண்டு நேராக நிற்க இடமில்லாமல் சாய்கிறது, அப்படியே பிரஸ் அதை உள்ளே அழுத்துகிறது. ஒரு பக்கம் பிதுங்கல். ஈயக் குண்டுக்கென்றே படி வைத்த எக்ஸ்பாண்டர் கிடைக்கிறது. கீழ்ப்பகுதி குண்டுக்கு நேரான இருக்கை போட்டுக் கொடுக்கும், மேல் படி வாயைத் திறந்து வைக்கும். அதை வாங்குங்கள்.

வாய் விரிவு எவ்வளவு என்றால், குண்டைக் கையால் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் நேராக நிற்க வேண்டும், அடி ஓரம் பித்தளையில் உரசாமல் உள்ளே இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். விரிவு போதாவிட்டால் பித்தளை விளிம்பு உளி மாதிரி பூச்சைச் சீவும். உங்கள் சிவப்பு நூல் அதுதான். அந்தச் சுருளைச் சும்மா விடக் கூடாது. 9 எம்எம் தோட்டா சேம்பரில் கூட்டின் வாய் முட்டித்தான் நிற்கிறது. வாயோரத்தில் ஒட்டின சீவல் அந்தப் படியில் போய் அப்பிக்கொள்ளும். நூறு தோட்டாவுக்குப் பிறகு நல்ல தோட்டாவும் முழுசாக உட்காராது.

இன்னொன்று, குண்டை உட்காரவைப்பதும் கிரிம்பும் ஒரே டையில் ஒரே இழுப்பில் செய்கிறீர்களா? பூச்சுக் குண்டுக்கு அது ஒத்துவராது. குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடி அதைக் கடிக்கும். இரண்டையும் தனித்தனி டையில் வையுங்கள்.

அடித்து முடித்த தோட்டாவை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். குண்டு இருக்கும் உயரம்வரை கூடு லேசாகப் புடைத்து, அதற்குக் கீழே இடுப்பு மாதிரி ஒடுங்கித் தெரியும். அந்த இடுப்பு சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் குண்டு நேராக உட்கார்ந்திருக்கிறது.

புதியவன்_ராலே

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. பிரஸ் வாங்கி, நண்பருக்காகத் தோட்டா அடித்துப் பழகலாமா?

மீனாட்சி_பீனிக்ஸ்

வேண்டாம் தம்பி. குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். தோட்டா மட்டும்தானே என்று நினைக்காதீர்கள், இரண்டுக்கும் ஒரே தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலைக் கட்டாயம் பாருங்கள். இதில் ஒரு தவறு செய்தால் கிரீன் கார்டு கனவே போய்விடும். நானே கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் முதல் பிரஸ் வாங்கினேன். இன்னொன்று, அடித்த தோட்டாவை விற்கும் தொழில் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும்.

புதியவன்_ராலே

தோட்டாவுக்கும் அந்தத் தடை உண்டு என்று தெரியாது அக்கா. நல்லவேளை கேட்டேன்.

பித்தளைப்பித்தன்

சண்முகம் ஐயா, ஐந்து தோட்டா கழற்றிப் பார்த்தேன். பெட்டியில் இருக்கும் புதுக் குண்டு 0.356. கழற்றியதில் மூன்று 0.3545, இரண்டு 0.355. ஒன்றில் பூச்சில் வெட்டும் இருந்தது. ஆறு வருஷமாகப் பேரலில் ஈயம் வருவதற்குக் குண்டு மெதுவானது, பவுடர் சரியில்லை என்று என்னென்னவோ மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த டையைக் கழற்றிவிட்டுச் சாதாரண டேப்பர் கிரிம்ப் டைக்கு மாறுகிறேன்.

கிரிம்ப் முடிந்ததும் கூட்டின் வாயில் எவ்வளவு அளவு வரவேண்டும் ஐயா?

லேத்_சண்முகம் (ஒஹாயோ)

378, 379 தவ் வந்தால் எனக்குத் திருப்தி. ஆனால் எண்ணைவிடக் கழற்றின குண்டும் பேரலும் சொல்வதை நம்புங்கள். பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, டம்மித் தோட்டாவை அளந்துவிட்டு, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, திரும்ப அளங்கள். நீளம் குறையக் கூடாது. குறைந்தால் மேகசினிலிருந்து ஏறும்போதே குண்டு உள்ளே போகும், அழுத்தம் எகிறும். அதற்குக் கிரிம்பை இறுக்குவது தீர்வு இல்லை. பிடிப்பு வருவது கூட்டின் சுவரிலிருந்து. கூட்டை ஒடுக்கி அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையையும் எக்ஸ்பாண்டரையும் பாருங்கள்.

கொங்கு_குமரன் (டெக்சாஸ்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

படி வைத்த எக்ஸ்பாண்டர் வந்தது. உட்காரவைப்பதும் கிரிம்பும் தனித்தனி ஆக்கிவிட்டேன். டம்மியை 1.140-இலிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். 1.115-இல் டொக்கென்று விழுந்தது, ஆனால் சுற்றும்போது ஓரிடத்தில் லேசாகப் பிடித்தது. சுற்றிப் பார்க்காமல் இருந்திருந்தால் அதுவே போதும் என்று விட்டிருப்பேன். 1.110-இல் தடையில்லாமல் சுற்றியது. 15 கழித்து 1.095 வைத்தேன். இது என் பேரலுக்கும் இந்த ஒரு குண்டுக்கும் மட்டும், யாரும் எடுத்து வைக்க வேண்டாம்.

பவுடரை அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஏற்றிவந்தேன். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் சராசரி விநாடிக்கு 905 அடி வந்ததும் நிறுத்திவிட்டேன். 147-ஐ 905-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர் (போட்டியில் தோட்டாவின் பலத்துக்கான கணக்கு) 133. மைனர் என்ற பிரிவுக்கு 125 போதும்.

போன சனிக்கிழமை 150 தோட்டா சுட்டேன், ஒன்றும் நிற்கவில்லை. வந்து பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய 1.140 தோட்டா இன்னும் 280 இருக்கின்றன. அவற்றைத் தனி டப்பாவில் "க்ளாக் மட்டும்" என்று பெரிசாக எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு தோட்டாவையும் பேரலில் போட்டுப் பார்க்கிறீர்களா, இல்லை இருபதுக்கு ஒன்றா?

மீனாட்சி_பீனிக்ஸ்

பயிற்சிக்கு, நீளம் மாற்றினாலோ புது டப்பா குண்டு பிரித்தாலோ முதல் பத்து, அப்புறம் ஐம்பதுக்கு ஒன்று. போட்டிக்கு எடுத்துப் போவது ஒவ்வொன்றும். நான் நூறு குழி கேஜில் முதலில் கூட்டைப் பார்த்துவிடுவேன், அதில் உரசுவதை ஒதுக்கிவிட்டு மீதியைப் பேரலில் போடுவேன். 200 தோட்டாவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. "க்ளாக் மட்டும்" டப்பாவையும் அந்த க்ளாக் பேரலில் சுற்றிப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். அறுநூறு ஓடியது சரி, ஆனால் அந்தச் சாய்ந்த குண்டும் சிவப்புச் சீவலும் அந்த டப்பாவிலும் இருக்கின்றனவே.

லேத்_சண்முகம் (ஒஹாயோ)

பேரலில் போடும்போதே அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள் தம்பி. பிரைமர் கூட்டின் அடியைவிட ஒரு பொட்டு உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். மேலே துருத்தினால் விரலுக்கு உடனே தெரியும், அதை எடுத்து வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குண்டுக்குப் பூச்சு இருந்தாலும், சுட்ட பித்தளையின் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கிறது. நான் கழுவாமல் பேரக்குழந்தையைத் தூக்குவதில்லை.